கட்டைக் கோபுரம் சரிந்தது எதனால்? சிறு குழந்தைகளின் விரல் திறனை மதிப்பிடும் விதம்

தாழ்ந்த மேசை ஒன்று. அதன்மேல் பத்து மரக்கட்டைகள். ஒவ்வொன்றும் பக்கத்துக்கு ஒரு அங்குலம். எதிரே இரண்டரை வயதுப் பையன். மதிப்பீடு செய்பவர் மூன்று கட்டைகளை அடுக்கிக் காட்டி, கலைத்து, அவன் பக்கம் தள்ளுகிறார். அவனும் அடுக்குகிறான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவதை வைத்ததும் மொத்தமும் சரிகிறது. பையன் கலகலவென்று சிரிக்கிறான். பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "வீட்ல பத்துகூட அடுக்குவான்ங்க" என்கிறார்.

அம்மா இவ்வளவு நேரமும் கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். மதிப்பீடு செய்பவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் கட்டையை விரல் நுனியால் எடுத்தானா, உள்ளங்கையோடு சேர்த்து அள்ளினானா? வைக்கிற நேரத்தில் கண் எங்கே இருந்தது? இடக்கை சும்மா தொங்கியதா, கோபுரத்துக்கு அண்டை கொடுத்ததா? ஆறாவது கட்டை கோணலாக உட்கார்ந்ததா, அல்லது சரியாக உட்கார்ந்த பிறகு விரலை எடுக்கும்போது தட்டிவிட்டதா? ஒருவேளை ஐந்தோடு சலித்துப்போய் வேண்டுமென்றே தள்ளிவிட்டானா? தாளில் பதிவாகப்போவது ஒற்றை எண். அதற்குள் இத்தனை காரணங்களில் எது ஒளிந்திருக்கிறது என்று பிரித்தெடுப்பதுதான் மதிப்பீட்டின் உண்மையான வேலை. மற்றது கூட்டல் கணக்கு.

நுண்தசை இயக்கத் திறன் என்று பாடப்புத்தகங்களும், 'ஃபைன் மோட்டார்' என்று சிகிச்சை அறைகளும் சொல்வது இதைத்தான்: எடுப்பது, பிடிப்பது, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவது, திருகுவது, கோர்ப்பது, வெட்டுவது, வரைவது, பொத்தான் போடுவது. பெயர் கொஞ்சம் ஏமாற்றும். விரலை மடக்கும் வலுவான தசைகள் பல விரலிலோ உள்ளங்கையிலோ இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீளமான தசைநாண்கள்தான் விரல்வரை வருகின்றன. அந்த முன்கையை நிலையாக வைத்திருக்கத் தோள் வேண்டும், தோளுக்கு முதுகு வேண்டும். இவையெல்லாம் எங்கே போக வேண்டும் என்று சொல்லக் கண் வேண்டும். விரலைச் சோதிக்கிறோம் என்று நினைக்கும்போதே முழுக் குழந்தையையும் சோதித்துக்கொண்டிருக்கிறோம்.

பிடிப்பதைவிட விடுவது கடினம்

பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பற்றிக்கொள்ளும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது திறன் அல்ல, அனிச்சைச் செயல். நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் அது மங்கி, விரும்பி எடுக்கும் பிடிக்கு இடம் விடுகிறது. முதலில் முழுக் கையாலும் வாரிக்கொள்வது. ஆறு மாத வாக்கில் பொருளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவது. பிறகு கட்டைவிரல் மெல்லக் களத்துக்கு வருகிறது. ஒன்பது மாத வாக்கில் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வைத்து நசுக்கி எடுப்பது. பத்திலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டு விரல் நுனிகளும் நேருக்கு நேர் சந்திக்கும் கிள்ளுப் பிடி. தரையில் கிடக்கும் ஒற்றைத் தலைமுடியைக்கூடப் பொறுக்கி வாயில் போட வைக்கிற பிடி அது.

இந்த வரிசையை முதலில் ஒழுங்காகப் பதிவு செய்தவர்களில் ஹால்வர்சன் முக்கியமானவர். 1931இல் வெளியான ஆய்வில், குழந்தைகள் கட்டையை எட்டி எடுப்பதைத் திரைப்படக் கேமராவில் எடுத்து, படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பிடிகளை வகைப்படுத்தினார். இன்று அலைபேசியில் 'ஸ்லோ மோஷன்' போட்டுப் பார்ப்பதை அவர் சுருள் படத்தில் செய்தார். இப்போதும் பல மதிப்பீட்டுத் தாள்களில் இருக்கும் பிடி வகைகளுக்கு வேர் அங்கே இருக்கிறது.

கிள்ளுப் பிடிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? 1968இல் லாரன்ஸ், கைப்பர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட குரங்குச் சோதனைகளில் இதற்கு விடை கிடைத்தது. மூளைப் புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதையைத் துண்டித்த பின்னும் அந்தக் குரங்குகள் நாளடைவில் ஓடின, ஏறின, கம்பியைப் பற்றின. ஆனால் விரல்களைத் தனித்தனியாக இயக்கிச் சிறு குழியிலிருந்து உணவுத் துணுக்கை நோண்டி எடுக்க முடியவில்லை. முழுக்கைப் பிடிக்கும் தனிவிரல் வேலைக்கும் மூளை வேறு வேறு வழிகளை வைத்திருக்கிறது என்பது தெளிவானது. அதனால்தான் பன்னிரண்டு மாதக் குழந்தையைப் பரிசோதிக்கும் மருத்துவர் ஒரு சிறு துணுக்கை மேசையில் வைத்துவிட்டு எப்படி எடுக்கிறது என்று உன்னிப்பாகப் பார்க்கிறார். விரல் நுனி வழியாக அந்த நரம்புப் பாதையைப் பார்க்கிறார் என்றே சொல்லலாம்.

எல்லாரும் பிடிப்பதைப் பற்றியே பேசுகிறோம். விடுவதைப் பற்றிப் பேச ஆளில்லை. எட்டு மாதக் குழந்தை கையில் இருப்பதை விடுவதில்லை. தவறவிடும், வீசும், மேசையில் அழுத்தித் தேய்த்துக் கழற்றிக்கொள்ளும். நினைத்த இடத்தில், நினைத்த நொடியில், மெதுவாக விரல்களைத் திறப்பது ஒரு வயதை ஒட்டித்தான் வருகிறது. கோபுரம் அடுக்குவதில் கட்டையை எடுப்பது எளிய பாதி. கீழே இருப்பதை அசைக்காமல் விரலை விலக்குவதுதான் மறுபாதி. பதினைந்து மாத வாக்கில் இரண்டு கட்டை, ஒன்றரை வயதில் மூன்று நான்கு, இரண்டு வயதில் ஆறு, மூன்று வயதில் ஒன்பது பத்து என்று எண்ணிக்கை ஏறுவது பெருமளவு இந்த 'விடுதல்' நயமாவதன் கணக்கு. நம் பையனின் கோபுரத்தை ஆறாவது கட்டை கவிழ்த்ததா, ஆறாவது கட்டையை விட்ட விரல் கவிழ்த்ததா என்ற கேள்வி அற்பமானதல்ல என்பது இதனால்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள். பிறந்த குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் அவற்றில் ஒன்றுகூடப் பொதுவாகத் தெரியாது. எல்லாம் இன்னும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு, கடைசி எலும்பு உருவாகத் தொடங்க எட்டு வயதுக்கு மேலாகலாம். மூன்று வயதுக் கையை எழுத்துப் பயிற்சிக்கு உட்கார வைக்கும் அவசரக்காரர்கள் அந்த எக்ஸ்ரே படத்தை ஒருமுறை பார்க்கலாம்.

அளவுகோல்கள் எங்கிருந்து வந்தன

ஒரு அங்குலக் கட்டை இன்று உலகம் முழுவதும் மதிப்பீட்டுப் பெட்டிகளில் இருப்பதற்குப் பெரும் காரணம் ஆர்னால்டு கெசெல். 1911இல் யேல் பல்கலைக்கழகத்தில் குழந்தை வளர்ச்சிக்கான மருத்துவகத்தைத் தொடங்கியவர். வெளியிலிருந்து மட்டும் உள்ளே பார்க்க முடிகிற கூண்டு போன்ற குவிமாடத்துக்குள் குழந்தையை வைத்து, வெளியிலிருந்து படம் பிடித்தார். எந்த வயதில் எது வரும் என்ற அட்டவணைகளை அடுத்தடுத்து வெளியிட்டார். 'மைல்கல்' பட்டியல்களாக இன்று நம் கைக்கு வருபவை பல அவருடைய வாரிசுகள்.

கெசெலுக்கு ஓர் உறுதியான நம்பிக்கை இருந்தது: கை தன் நேரத்தில் தானே பழுக்கும், பயிற்சி அதை அதிகம் முடுக்காது. 1929இல் சக ஆய்வாளர் தாம்ப்சனோடு சேர்ந்து வெளியிட்ட இரட்டையர் ஆய்வு அதற்கு அவர் காட்டிய சான்று. ஒரு குழந்தைக்கு 46ஆவது வாரத்திலிருந்து ஆறு வாரம் படியேறவும் கட்டைகளைக் கையாளவும் பயிற்சி கொடுத்தார்கள், இன்னொன்றுக்குக் கொடுக்கவில்லை. பின்னால், 53ஆவது வாரத்தில், அந்த இரண்டாவது குழந்தைக்கு இரண்டே வாரப் பயிற்சி கொடுத்தபோது அது விரைவாக எட்டிப் பிடித்தது. கட்டைகளைக் கையாள்வதில் இருவருக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. ஒரே ஒரு ஜோடி இரட்டையரை வைத்து எவ்வளவு தூரம் பேசலாம் என்பது வேறு கேள்வி. பயிற்சி தராத குழந்தையும் கட்டிப்போட்டு வளரவில்லையே, அதுவும் நாள் முழுக்க எதையாவது எடுத்து நோண்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பார்வையின் நிழல் பட்டியல்களில் தங்கிவிட்டது: வயது வந்தால் திறன் வரும், வராவிட்டால் குழந்தையில் ஏதோ குறை. கெசெலின் அட்டவணைகளுக்கு அடிப்படையான குழந்தைகளோ நியூ ஹேவன் நகரத்தின் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள்.

எல்லாச் சமூகங்களுக்கும் அந்த அட்டவணை பொருந்துமா என்ற கேள்வி எழ அதிக காலம் ஆனது. 2010இல் வெளியான மலாவி வளர்ச்சி மதிப்பீட்டுக் கருவி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கிராமப்புறக் குழந்தைகள் பார்த்தேயிராத பொருள்களைக் கொண்ட கேள்விகளை நீக்கி, அவர்கள் அன்றாடம் புழங்கும் பொருள்களையும் வேலைகளையும் வைத்துத் தயாரித்தது அது. கத்தரிக்கோலைத் தொட்டேயிராத நாலு வயதுக் குழந்தையிடம் கோட்டின்மேல் வெட்டச் சொன்னால், நாம் அளப்பது விரலையா, அந்த வீட்டில் கத்தரிக்கோல் இருந்ததா என்பதையா?

எண்களுக்கு என்ன பொருள்

கருவிகள் இரண்டு சாதி. ஒன்று, கூடுதல் கவனம் வேண்டிய குழந்தைகளைச் சலித்தெடுப்பது; இன்னொன்று அளந்து பார்ப்பது. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பெற்றோரின் தூக்கம் கெடுகிறது.

சலித்தெடுக்கும் கருவிகளில் ஏஜஸ் அண்டு ஸ்டேஜஸ் வினாத்தாள் பரவலானது. மூன்றாம் பதிப்பு 2009இல் வந்தது. ஐந்தரை வயதுவரை வயதுக்கேற்ற 21 தாள்கள், பெற்றோரே நிரப்புவது. ஒவ்வொரு துறைக்கும் ஆறு கேள்விகள்: ஆம் என்றால் 10, சில நேரம் என்றால் 5, இன்னும் இல்லை என்றால் 0. விரல் திறனுக்கு மொத்தம் 60. வெட்டுப்புள்ளிக்குக் கீழே போனால் "நன்றாகப் பாருங்கள்" என்று பொருள்; "குறை இருக்கிறது" என்று பொருள் அல்ல. தன் குழந்தையைப் பற்றிப் பெற்றோர் சொல்வதை நம்பலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். என் பார்வையில் அந்த அம்மா சொன்ன "வீட்ல பத்துகூட அடுக்குவான்" என்பது பதிவு செய்யத் தகுந்த தரவு. அறிமுகமில்லாத அறையில் பதினைந்து நிமிடம் பார்த்தவருக்கு அது கிடைக்காது. பத்து அடுக்கியபோது யாராவது கோபுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்களா என்று மட்டும் கூடக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சலித்தெடுக்கும் இன்னொரு கருவியான டென்வர் அட்டை 1967இல் ஃபிராங்கன்பர்க், டாட்ஸ் இருவரும் கொண்டுவந்தது, 1992இல் திருத்தப்பட்டது. அதன் நேர்த்தி, வயதை ஒரு புள்ளியாகக் காட்டாமல் ஒரு பட்டையாகக் காட்டியதில் இருக்கிறது. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பட்டை. 25, 50, 75, 90 விழுக்காட்டுக் குழந்தைகள் எந்த வயதில் அதைச் செய்கிறார்கள் என்பதற்கு அதில் குறிகள். குழந்தையின் வயதில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டுப் பார்க்க வேண்டும். பட்டை முழுவதும் கோட்டுக்கு இடப்பக்கம் போய்விட்டிருந்தும் குழந்தை அதைச் செய்யவில்லை என்றால்தான் தாமதம். கோடு 75க்கும் 90க்கும் நடுவில் வெட்டினால் கவனிக்க வேண்டியது. அதற்கு முன்னால் என்றால் கவலையே வேண்டாம். பல செயல்களுக்கு அந்தப் பட்டை நீளமானது என்பதே பார்ப்பவருக்கு ஒரு பாடம்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் மைல்கல் பட்டியலை மாற்றியமைத்ததும் இதையொட்டித்தான். முன்பு சராசரி வயதை, அதாவது பாதிக் குழந்தைகள் செய்யும் வயதைப் போட்டார்கள். அதன்படி பார்த்தால் எந்த வரியிலும் பாதிக் குழந்தைகள் பின்தங்கியவர்களாகத் தெரிவார்கள். மருத்துவரும் "பொறுத்துப் பார்ப்போம்" என்று அனுப்பிவிடுவார். இப்போது 75 விழுக்காட்டுக் குழந்தைகள் எட்டும் வயதைப் போடுகிறார்கள். பொத்தானைக் கழற்றுவது 4 வயதிலும், போடுவது 5 வயதிலும் இருக்கிறது. கழற்றுவது எளிது என்பதை ஒரு சட்டையைக் கையில் எடுத்துச் செய்து பார்த்தாலே தெரியும்: போடும்போது ஒரு கை துளையை விரித்துப் பிடிக்க வேண்டும், மறு கை கண்ணுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து பொத்தானைத் தள்ள வேண்டும், தள்ளியதை முதல் கை பிடித்து இழுக்க வேண்டும். மூன்று வேலை, இரண்டு கை.

அளந்து பார்க்கும் கருவிகளில் பெய்லி அளவுகோல் 1969இல் நான்சி பெய்லியின் பெயரில் வந்தது. நான்காம் பதிப்பு 2019இல். மூன்றரை வயதுவரைக்கானது. பீபாடி இயக்க அளவுகோல் ஆறாவது பிறந்தநாளுக்கு முன்வரை. அதன் இரண்டாம் பதிப்பில் பிடித்தல் ஒரு பகுதி, கண்-கை ஒருங்கிணைப்பு இன்னொரு பகுதி. பீபாடியில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு செயலுக்கும் 0, 1, 2 என்று மூன்று மதிப்பெண்கள் இருப்பது. நடுவிலுள்ள 1, "இப்போதுதான் தளிர்க்கிறது" என்பதற்கு. முடியும், முடியாது என்ற இரண்டுக்கு நடுவில்தான் குழந்தைகள் பெரும்பாலான நேரம் இருக்கிறார்கள். ஒரு சிகிச்சையாளர் அடுத்த வாரம் எதில் தொடங்குவது என்பதை அந்த 1கள் சொல்லிவிடும்.

மூன்று வயதுக்கு மேல் மூவ்மென்ட் ஏபிசி என்ற சோதனை. அதன் சிறியவர் பகுதியில் நாணயத்தைப் பெட்டித் துளையில் போடுவது, மணி கோர்ப்பது, இரண்டு கோடுகளுக்கு நடுவே தடம் போடுவது ஆகிய மூன்றும் கைத்திறனுக்கானவை. நாணயம் போடுவதை இரண்டு கைக்கும் தனித்தனியாக நேரம் பார்க்கிறார்கள். வலக்கையும் இடக்கையும் எடுக்கும் வினாடிகளின் வித்தியாசம் சில நேரம் மொத்த மதிப்பெண்ணைவிட அதிகம் பேசும்.

இந்தக் கருவிகளின் முடிவுத் தாளில் வரும் எண்ணைப் படிக்கச் சிறு சாவி ஒன்று போதும். பெய்லியில் தனிப் பகுதிக்குச் சராசரி 10, பரவல் (திட்ட விலக்கம்) 3. ஒரு குழந்தைக்கு 7 வந்தால் கீழிருந்து எண்ணி நூற்றில் சுமார் 16ஆவது இடம். 4 வந்தால் சுமார் இரண்டாவது இடம். அதாவது, எந்தக் கோளாறும் இல்லாத கூட்டத்திலும் நூறில் பதினாறு பேர் 7 அல்லது அதற்குக் கீழேதான் இருப்பார்கள். யாராவது கீழே இருந்தாக வேண்டும், அது எண்ணின் இயல்பு. மூவ்மென்ட் ஏபிசி இதை போக்குவரத்து விளக்குபோல நிறம் பிரித்து வைத்திருக்கிறது: 16ஆவது இடத்துக்கு மேல் பச்சை, அதற்குக் கீழே மஞ்சள், 5ஆவது இடத்திலும் அதற்குக் கீழும் சிவப்பு. மஞ்சளில் நிற்கும் குழந்தை அடுத்த வாரம் பச்சைக்குப் போகலாம். அளவுகோலுக்கே பிழை வரம்பு உண்டு.

வட்டம், கூட்டல் குறி, சதுரம்

பென்சிலைக் கையில் கொடுத்ததும் வேறொரு உலகம் திறக்கிறது. நேர்கோடு இரண்டு இரண்டரை வயதில், வட்டம் மூன்றில், கூட்டல் குறி நான்கை ஒட்டி, சதுரம் நாலரை ஐந்தில், முக்கோணம் ஐந்து தாண்டி, சாய்சதுரம் ஏழு வாக்கில். 1908இல் பிரெஞ்சு உளவியலாளர் பினே தன் அறிவுச் சோதனையிலேயே சதுரத்தை ஐந்து வயதிலும் சாய்சதுரத்தை ஏழு வயதிலும் வைத்திருந்தார். நூறாண்டுக்கு மேலாகியும் அந்த வரிசை பெரிதாக மாறவில்லை என்பது வியப்பாக இருக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம் அடிக்கடி தவறிப்போகும். மதிப்பீடு செய்பவர் தானே வட்டம் போட்டுக்காட்டி "இப்படிப் போடு" என்பது ஒன்று. ஏற்கெனவே அச்சடித்த வட்டத்தைக் காட்டி "இதேபோல் போடு" என்பது வேறு. முதலாவதில் குழந்தை கையசைவைப் பார்த்து அப்படியே திருப்பிச் செய்கிறது. இரண்டாவதில் உருவத்தைப் பார்த்து, அதை எந்தக் கோடாக, எந்தத் திசையில் தொடங்குவது என்று தானே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. முதலாவது பல மாதங்கள் முன்பே வந்துவிடும். தாளில் எதைக் கேட்டார்கள் என்று பார்க்காமல் "வட்டம் போடத் தெரியும்" என்று எழுதுபவரின் அறிக்கை அரைகுறை.

கூட்டல் குறியைக் கவனியுங்கள். ஒரு குழந்தை மேலிருந்து கீழே ஒரு கோடு, பிறகு இடமிருந்து வலம் ஒரே இழுப்பில் அதை வெட்டிக் கடக்கும் கோடு. இன்னொரு குழந்தை நடுவில் ஒரு புள்ளியில் நின்று, நாலு பக்கமும் நாலு துண்டுக் கோடுகள். முடிந்த பிறகு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கலாம். ஆனால் இரண்டாவது குழந்தை உடலின் நடுக்கோட்டைத் தாண்டிக் கையைக் கொண்டுபோகத் தயங்குகிறதா, வெட்டும் இடத்தைக் கண்டுகொள்ளவில்லையா என்று பார்க்க வேண்டும். தாளை மட்டும் வாங்கிப் பார்த்து மதிப்பெண் போடுபவருக்கு இது தெரியாது. வரையும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கே தெரியும்.

சதுரம் வராத குழந்தைக்கு விரல் வரவில்லையா, கண் பிரித்துப் பார்க்கவில்லையா? இந்தக் கேள்விக்காகவே உருவங்களைப் பார்த்து வரையச் சொல்லும், 1967 முதல் வெளிவரும் பீரி சோதனையில் இரண்டு துணைத் தாள்கள் சேர்ந்தன. ஒன்றில் வரைய வேண்டியதே இல்லை, ஒரேமாதிரி உருவத்தைக் காட்டினால் போதும். இன்னொன்றில் உருவம் புள்ளிகளாலும் வரம்புகளாலும் தரப்பட்டிருக்கும், உள்ளே கோடு போட்டால் போதும். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணா, கையா, இரண்டையும் சேர்க்கும் இடமா என்று ஓரளவு பிடிபடும். மதிப்பீடு என்ற சொல்லுக்கு என் மனதில் இருக்கும் சித்திரம் இதுதான்: தவறு நடந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து வட்டத்தைக் குறுக்குவது.

பென்சில் பிடி பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள், தேவைக்கு மேலாகவே. ஒன்றரை வயதில் முஷ்டியாகப் பிடிப்பது, பிறகு விரல்களைக் கீழ்நோக்கி வைத்து மேலிருந்து பிடிப்பது, மூன்றரை நாலில் மூன்று விரலால் ஆனால் கை முழுதும் அசைய, நாலரை ஆறில் மூன்று விரல்கள் மட்டும் அசைய. 1990இல் ஷ்னெக், ஹெண்டர்சன் ஆகியோர் 320 குழந்தைகளைப் பார்த்துப் பத்து வகைப் பிடிகளைப் பதிவு செய்தார்கள். முதிர்ந்த பிடி என்று அவர்கள் சொன்னது ஒன்றல்ல, கட்டைவிரல் பக்கவாட்டில் சாயும் பிடியும் அதில் உண்டு. 2012இல் நான்காம் வகுப்பு மாணவர் 120 பேரிடம் செய்த ஆய்வில், வழக்கமான நாலு பிடிகளுக்கிடையே எழுத்தின் தெளிவிலோ வேகத்திலோ வித்தியாசம் காணப்படவில்லை. ஐந்து வயதுக் குழந்தையின் பிடி படத்தில் உள்ளதுபோல் இல்லை என்று பென்சிலில் ரப்பர் பிடி மாட்டிவிடும் முன், கை வலிக்கிறதா, சீக்கிரம் சோர்கிறதா, தாள் கிழிகிற அளவு அழுத்துகிறதா என்று பார்ப்பது மேல்.

அறைக்குள் கூடவே நுழைபவை

நாற்காலி உயரமாக இருந்து கால் அந்தரத்தில் தொங்கினால் குழந்தையின் பாதிக் கவனம் விழாமல் இருப்பதில் போய்விடும். காலடியில் ஒரு பலகை போட்டதும் கோடு நேராவதைக் காணலாம். தூக்க நேரம், பசி, அறிமுகமில்லாத முகம், "மேலே வை" என்பது புரியாத மொழி, எல்லாம் மதிப்பெண்ணில் கலக்கும். கண்ணாடி தேவைப்படும் பார்வையும் அப்படித்தான். விரல் திறன் குறைவு என்று வரும் குழந்தைக்கு முதலில் கண்ணைச் சோதிப்பது செலவில்லாத ஞானம்.

முன்கூட்டியே பிறந்த குழந்தைகளின் வயதைத் திருத்திக் கணக்கிடாமல் விடுவது மோசமான பிழை. 32ஆவது வாரத்தில் பிறந்த குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வந்தபோது அதன் திருத்திய வயது, அதாவது பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணிய வயது, பத்து மாதம் சொச்சம்தான். கிள்ளுப் பிடி முழுமையாகாத பத்து மாதம் இயல்பு; முழுமையாகாத பன்னிரண்டு மாதம் கேள்விக்குரியது. ஒரே விரல், இரண்டு தீர்ப்பு. பொதுவாக இரண்டு வயதுவரை இந்தத் திருத்தம் செய்கிறார்கள்.

தொடுதிரை பற்றி இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் சுவாரசியம். 2016இல் 715 குடும்பங்களிடம் எடுத்த ஆய்வில், திரையைத் தள்ளிப் பழகத் தொடங்கிய வயது குறைவாக இருந்த குழந்தைகள் கட்டை அடுக்குவது போன்றவற்றையும் சீக்கிரமே செய்திருந்தார்கள். அடுத்த ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், 24 வாரம் கையடக்கத் திரையில் விளையாடிய பாலர் பள்ளிக் குழந்தைகளைவிடக் கைவேலைப் பொருள்களோடு விளையாடியவர்கள் விரல் சோதனைகளில் அதிகம் முன்னேறினார்கள். முதலாவது தொடர்பை மட்டும் சொல்கிறது: விரல் முந்திப் பழுத்த குழந்தைதான் திரையையும் முந்தித் தள்ளியிருக்கலாம். இரண்டாவது, பழக்கியதே வளரும் என்கிறது. கண்ணாடிப் பரப்பில் வழுக்குவதற்குப் பிடியும் வேண்டாம், விடுதலும் வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

இவ்வளவு தூரம் நிதானம் பேசியதால், அவசரம் வேண்டிய இடங்களையும் சொல்ல வேண்டும். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தும் குழந்தையைப் பார்த்து "இப்பவே வலக்கைக்காரன்" என்று பெருமைப்பட வேண்டாம். அந்த வயதில் இரண்டு கையும் ஏறக்குறைய சமமாக உழைக்க வேண்டும். ஒரு கை ஒதுங்கினால், அந்தப் பக்கத்தில் பலவீனம் இருக்கலாம், மூளைவாதத்தின் (செரிபிரல் பால்சி) முதல் தடயங்களில் அது ஒன்று. அதேபோல, தொடர்ந்து மூடியே இருக்கும் முஷ்டி, ஒரு பக்கம் மட்டும் விறைப்பு, எல்லாவற்றையும்விட முக்கியமாக, வந்த திறன் போய்விடுவது. நேற்றுவரை மணி கோர்த்தவள் இன்று கோர்க்கவில்லை என்றால் அட்டவணையைத் தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

உடல் அசைவுகளைச் சேர்த்து இயக்குவதில் தொடர்ந்து திணறுவதைக் குறிக்கும் ஒருங்கிணைப்புக் குறைபாடு என்ற பெயரை ஐந்து வயதுக்கு முன் பெரும்பாலும் சூட்டுவதில்லை. பள்ளி வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு அது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். பெயர் இல்லை என்பதற்காக உதவியும் இல்லை என்றாகாது. மூன்று வயதில் மஞ்சளில் நிற்கும் குழந்தைக்குப் பெயர் வேண்டியதில்லை. கையில் பிசைய மாவு, கிழிக்கக் காகிதம், கோர்க்கப் பெரிய மணி, ஆறு மாதம் கழித்து இன்னொரு பார்வை, இவை போதும். பள்ளி நாளில் விரலுக்கு எவ்வளவு வேலை என்று கணக்கெடுத்தவர்கள் இருக்கிறார்கள்: 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பாலர் வகுப்புக் குழந்தைகள் பள்ளி நேரத்தில் ஏறக்குறைய பாதியை விரல் வேலைகளில் கழித்தார்கள். அங்கே திணறும் குழந்தையைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது. அந்தச் சொல் ஒட்டிக்கொண்டபின் எடுப்பது கடினம்.

அந்தத் தாழ்ந்த மேசைக்கு வருவோம். இரண்டாம் முறையும் ஆறில் சரிந்தது. இந்த முறை மதிப்பீடு செய்தவர் குனிந்து பார்த்தார்: கட்டை நேராகத்தான் உட்கார்ந்தது, விரலை விலக்கும்போது நடுவிரல் பின்னால் தங்கி இழுத்துவிட்டது. பிடிப்பது சரி, விடுவது இன்னும் கனிய வேண்டும். 1 என்று எழுதினார். "போதும், எல்லாத்தையும் பெட்டில போட்டுடலாமா?" என்றார். பையன் கைக்கு ஒன்றாக இரண்டிரண்டு கட்டைகளை உள்ளே போட்டான், மூடியைச் சாய்த்தான், இடக்கையால் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வலக் கட்டைவிரலால் சிறு கொக்கியை அழுத்தி மாட்டினான். தாளில் கொக்கிக்கு என்று ஒரு வரி கிடையாது. அவர் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.